ஹெல்மெட் வைத்த கல்

ஜூன் 9, திங்கள்

செம்மண் லாரி இன்றும் பார்டரில் நிற்கிறது. தமிழ்நாட்டு மண் புதுச்சேரிக்குள் வர ஒரு சீட்டு வேண்டுமாம். அந்தச் சீட்டில் கையெழுத்துப் போட வேண்டியவர் லீவில் இருக்கிறாராம். இங்கே சில இடங்களில் ரோட்டுக்கு இந்தப் பக்கம் புதுச்சேரி, அந்தப் பக்கம் தமிழ்நாடு. மனிதன் டீ குடிக்கத் தாண்டுகிறான், கோழி மேயத் தாண்டுகிறது. மண்ணுக்குத்தான் இத்தனை கெடுபிடி.

கொரியன் புல் வந்து இறங்கியது. பாதி மஞ்சள். "தண்ணி காட்டுனா பச்ச புடிச்சிக்கும்ணே" என்கிறான் நர்சரிக்காரன். காமாலைக்காரனுக்குக்கூட யாரும் இப்படித் தைரியம் சொல்ல மாட்டார்கள்.

தோட்டம் போடுகிறவன் என்று பெயர். செடி நடுகிற நேரம் கொஞ்சம், பொருளைத் தேடி அலைகிற நேரம்தான் முழுசும். மண், புல், கூழாங்கல், தேங்காய் நார்த்தூள், எல்லாமே எங்கேயோ இருக்கின்றன. நான் நிற்கிற இடத்தில் மட்டும் இல்லை. எரு ஒன்றுக்குத்தான் கவலை இல்லை. வில்லியனூருக்கு அப்பால் ஆயம்மா அக்கா இருக்கிறாள். மாட்டுச் சாணத்தை மக்க வைத்து, சலித்து, நான் போகும்போது எனக்கென்று ஒரு குவியல் தனியாக வைத்திருப்பாள்.

இப்போது ஓடுவது கொசக்கடைத் தெரு வேலை. முசியே ஆதிமூலத்தின் வீடு; முசியே என்றால் பிரெஞ்சில் ஐயா. பிரான்சில் உத்தியோகம் பார்த்து முடித்து, பென்ஷனோடு திரும்பி வந்து, அப்பா கட்டிய வீட்டைத் தங்கும் விடுதியாக மாற்றுகிறார். பின்கட்டு முழுக்கத் தோட்டம். திறப்பு ஜூலை பதினாலு. அது பிரெஞ்சுக்காரர்களின் தேசிய தினம். ராகுகாலம் எமகண்டம் எல்லாம் அதற்கப்புறம்தான் அவருக்கு.

ஜூன் 13, வெள்ளி

வீட்டுக்குப் படம் போட்டுக் கொடுத்த ஆர்க்கிடெக்ட் கவிநிலா சென்னையிலிருந்து போன் செய்தாள். தோட்டத்து நடுவில் நின்றபடியே ஜூஸ் குடிக்க உயரமாக ஒரு கல்மேடை வேண்டுமாம்.

"புதுக் கிரானைட்டு வேணாம்ணா. வெயில் மழை பாத்த கல்லா வேணும். தொட்டா அதுக்கு ஒரு வயசு தெரியணும்."

"என்னத் தொட்டாகூடத் தெரியும்மா வயசு. கல்லுக்கு எங்க போறது?" என்றேன். சிரித்தாள். சிரித்துவிட்டு, திங்கட்கிழமைக்குள் வேண்டும் என்றாள்.

நாள் முழுக்க அலைந்தேன். கல் பட்டறைகளில் எல்லாம் கண்ணாடி மாதிரி பாலிஷ் போட்ட கல். ஒரு புரோக்கர் 'அந்தக் காலத்துக் கல்' என்று காட்டினான். பக்கத்தில் போய்ப் பார்த்தால் சிமெண்டில் வார்த்து, டீத்தூள் தண்ணீர் ஊற்றிக் கறுப்பாக்கியிருக்கிறான். நான் பார்த்ததும் அவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

ஜூன் 14, சனி

கிடைத்தது! வில்லியனூர் பக்கம் ரோடு போடுகிற காண்ட்ராக்டரின் குவியலில், ஜல்லிக்கும் தார் டின்னுக்கும் நடுவில் மல்லாந்து கிடந்தது. இரண்டு நெடுங்கல், ஒரு பலகைக் கல். சேறு அப்பியிருந்தாலும் கல்லின் ஓரம் கைக்கு வழவழப்பாக இருந்தது. நெடுங்கல்லின் தலையில் குமிழ், பலகையின் அடியில் அது உட்காருவதற்குக் குழி. சுத்தமான உளி வேலை.

"இன்னா கல்லுப்பா இது?" என்று ஜே.சி.பி. ஓட்டுகிறவனைக் கேட்டேன்.

"பழைய கெணத்துக் கல்லா இருக்கும்ணே. ரோடு அகலம் பண்றப்ப வந்துச்சு. திங்கக்கெழம கிரஷருக்குப் போவுது, ஜல்லியாக்கிடுவாங்க."

மாடு கட்டிக் கவலை இறைத்த கிணற்றுக் கல் என்று நானும் முடிவு கட்டிக்கொண்டேன். அப்பா மில் தொழிலாளி, நான் பிறந்து வளர்ந்தது டவுனுக்குள், சாரம் பகுதியில். கிணற்றுக் கல்லுக்கும் மற்ற கல்லுக்கும் எனக்கென்ன வித்தியாசம் தெரியும்? ஜல்லியாகப் போன கல்லைக் காப்பாற்றிவிட்டோம் என்று சந்தோஷம் வேறு. சந்திரகலாவுக்குப் பூ வாங்கிக்கொண்டு போனேன். "என்ன விசேஷம்?" என்றாள். கல் கிடைத்தது என்றேன். கல் கிடைத்ததற்குப் பெண்டாட்டிக்குப் பூ வாங்குகிற ஆள் இந்த ஊரிலேயே நீங்கள்தான் என்றாள்.

ஜூன் 18, புதன்

கல்லை நட்டாயிற்று.

ஒரு பக்கத்தில் மஞ்சளாக ஏதோ கறை, எண்ணெய்ப் பிசுக்கு. ஆசிட் ஊற்றித் தேய்த்ததும் போய்விட்டது. பலகைக் கல் குமிழில் சும்மா தன் கனத்தில்தான் உட்கார்ந்தது. அசையவும் இல்லை. ஆனால் கவிநிலாவுக்குப் பயம், கெஸ்ட் யாராவது சாய்ந்து மேலே விழுந்தால் என்று. மேஸ்திரி இனியவனை வைத்து, பலகையில் துளை போட்டு, கம்பி இறக்கி, எபாக்சி பசை ஊற்றி இறுக்கினேன். இனி பூகம்பம் வந்தாலும் இரண்டும் பிரியாது. என் வேலை அப்படி.

முசியே வந்து தடவிப் பார்த்தார். "மாஞிஃபிக்!" என்றார், பிரமாதம் என்று அர்த்தமாம். உடனே பிரான்சில் இருக்கும் மகளுக்குப் படம் அனுப்பினார். எனக்கும் பெருமைதான்.

ஜூன் 20, வெள்ளி

எருவுக்காக ஆயம்மா அக்கா வீட்டுக்குப் போன் அடித்தேன். எடுக்கவில்லை. ஞாயிறு நேரில் போக வேண்டும்.

ஜூன் 22, ஞாயிறு

எழுதலாமா வேண்டாமா என்று பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். எழுதாவிட்டால் தூக்கம் வராது.

ஆயம்மா அக்காவின் ஊர் முனையில் வண்டியை நிறுத்தினேன். கோடையில் தோட்ட வேலை குறைவு என்பதால் அந்தப் பக்கம் போய் ரொம்ப நாளாயிற்று. ரோட்டை அகலப்படுத்தியிருந்தார்கள். ஹெல்மெட்டைக் கழற்றினேன், வழக்கமாக வைக்கிற இடத்துக்குக் கை தானாகப் போனது. அங்கே ஒன்றும் இல்லை. கை காற்றில் நின்றது.

தோள் உயரத்தில் ஒரு கல்மேடை அங்கே நிற்கும். எரு ஏற்றப் போகும்போதெல்லாம் ஹெல்மெட்டையும் சாப்பாட்டுப் பையையும் அதன் மேல்தான் வைப்பேன். எத்தனையோ வருடமாக. அது என்ன கல் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. இரண்டு கால், மேலே ஒரு பலகை. இரண்டு கால், மேலே ஒரு பலகை — ஐயோ.

குழி இரண்டும் அப்படியே இருந்தன. பக்கத்தில் ஆயம்மா அக்கா உட்கார்ந்திருந்தாள்.

"பாத்தியாப்பா. நான் மாட்ட ஓட்டிகினு போயிருந்த நேரம். ஜே.சி.பி.ய வுட்டுப் புடுங்கிட்டானுவ. எங்க போட்டானுவன்னு கேட்டா ஒருத்தனும் சொல்ல மாட்டேங்கறான்."

"அது இன்னா கல்லுக்கா?" என்று கேட்டேன். கேட்கிற குரல் எனக்கே கேட்கவில்லை.

"சுமதாங்கிப்பா. உனுக்குத் தெரியாதா?"

வயிற்றுப் பிள்ளையோடு செத்துப் போகிற பெண்ணுக்காக நடுகிற கல்லாம். அவள் இறக்கி வைக்க முடியாமல் சுமந்துகொண்டே போய்விட்டாள். அதனால் வழியில் போகிறவர்கள் தலைச் சுமையை அந்தக் கல்லில் இறக்கி வைத்து இளைப்பாறினால், அவளுடைய பாரமும் கொஞ்சம் இறங்குமாம். ஆயம்மா அக்கா சாமிக்கண்ணுவுக்கு இளைய தாரம். மூத்தவள் தனபாக்கியம் நிறைமாதத்தில் போய்விட்டாள். அவளுக்குச் சாமிக்கண்ணு நட்ட கல் அது. அவரும் இப்போது இல்லை.

"நான் கல்யாணமாயி வந்த அன்னிக்கு, என் டிரங்குப் பொட்டிய வூட்டுக்குக் கொண்டாரல. எங்க மாமியா அந்தக் கல்லுலதான் மொதல்ல எறக்கி வெக்கச் சொல்லுச்சு. 'மூத்தவளுக்கு வெச்சிட்டு அப்பறம் உள்ள வா'ன்னுச்சு. அன்னியிலருந்து அவ எனக்கு அக்காதான். வருசா வருசம் ஆடி அமாவாசைக்கு மஞ்ச பூசி, குங்குமம் வெச்சு, அவளுக்குன்னு படைப்பேன்."

மஞ்சள். நான் ஆசிட் ஊற்றித் தேய்த்தது.

சொல்லவில்லை. எரு கூட ஏற்றாமல் திரும்பி வந்துவிட்டேன். சந்திரகலாவிடம் மட்டும் சொன்னேன். அடுப்பை அணைத்துவிட்டு வந்து எதிரில் உட்கார்ந்தாள். "நாளைக்கே போயி சொல்லிடுங்க. வேற யாரு மூலமாவாச்சும் தெரிஞ்சா, அப்பறம் அந்தம்மா மூஞ்சில முழிக்க முடியாது."

ஜூன் 23, திங்கள்

சொல்லிவிட்டேன்.

ஆயம்மா அக்கா என்னையே பார்த்தாள். திட்டுவாள் என்று நின்றேன். திட்டியிருக்கலாம்.

"நீயா எடுத்தாந்தே" என்றாள். அப்புறம், "போவட்டும். ஜல்லிக்குப் போவாம நிறுத்தினியே" என்றாள். அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை.

"இப்ப யாருப்பா தலச்சொம எடுத்துகினு ரோட்டுல வராங்க? எல்லாம் பைக்கு, டாடா ஏஸு. ஒருத்தரும் அதுல ஒண்ணும் எறக்கி வெக்கறதில்ல. நீதான் வரும்போதெல்லாம் ஹெல்மெட்ட வெப்பே, சோத்துப் பைய வெப்பே. நான் எட்டத்துலருந்து பாத்துகினே நிப்பேன். இன்னிக்கு அவளுக்குக் கொஞ்சம் எறங்குச்சுன்னு நெனச்சிக்குவேன். எரு கேட்டு வேற ஆளுங்க வந்தாலும் உனுக்குன்னு எடுத்து வெச்சனே, எதுக்குன்னு நெனச்சே?"

நான் என் வியாபார சாமர்த்தியம் என்று நினைத்திருந்தேன். நல்லாப் பேசுகிறோம், நேரத்துக்குப் போகிறோம், அதனால் கொடுக்கிறாள் என்று.

ஆடி அமாவாசைக்குள் கல்லைக் கொண்டு வந்து கொடுத்துவிடுகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஜூன் 25, புதன்

முசியே ஆதிமூலத்திடம் போய் விஷயத்தைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். நாற்காலி போடச் சொன்னார், காப்பி வரவழைத்தார். கோபப்படுகிற ஆள் என்றால் சண்டையாவது போடலாம்.

"கலியமூர்த்தி, நான் சொல்றதக் கேளுங்க. நீங்க வாங்கலன்னா இன்னிக்கு அது ரோட்டுக்கு அடியில ஜல்லியா இருக்கும். இங்க நெழல்ல, மரியாதையா இருக்கு. நான் அதப் பாத்துக்கறேன். எம் பொண்ணு தெனம் அந்தக் கல்லப் பத்தித்தான் கேக்கறா. அந்தம்மாவுக்கு எதாவது செய்யணும்னா சொல்லுங்க, செய்யறேன்."

அவர் சொன்னதில் ஒன்றும் பொய்யில்லை. கவிநிலாவிடம் சொன்னேன். "அண்ணா, ஓனர் டிசிஷன்ணா" என்றாள். அத்தனை பேரும் நியாயமாகத்தான் பேசுகிறார்கள்.

ஜூன் 28, சனி

ஆயம்மா அக்காவின் மகன் முகிலன் போன் செய்தான். நல்ல பையன், டிராக்டர் ஓட்டுகிறான். அவன் குரல் இத்தனை கறாராக இருந்து கேட்டதில்லை.

"தப்பா நெனச்சிக்காதீங்கண்ணே. ஊர்ல பேசிட்டாங்க. கல்லு வர்ற வரிக்கும் எங்க பக்கத்துலருந்து உங்களுக்கு எருவும் கெடையாது, புல்லும் கெடையாது."

"உங்கம்மா சொன்னாங்களாப்பா?"

"அம்மா ஒண்ணும் சொல்லல. அதுக்காவத்தான் நாங்க சொல்றோம்."

மஞ்சளாகிப் போன தோட்டப் புல்லுக்கு மாற்றுக் கேட்டதற்கு, பக்கத்து ஊர்ப் புல்காரர் காலையிலேயே 'ஸ்டாக் இல்ல' என்றார். அவர் வயலில் புல் கம்பளம் விரித்த மாதிரி கிடக்கிறது, போன வாரம்தான் பார்த்தேன்.

ஜூலை 2, புதன்

லாஸ்பேட்டையில் மூட்டையில் விற்கிற உரம் வாங்கிப் போட்டேன். உள்ளே கண்ணாடித் துண்டு, பால் கவர், ஒரு குழந்தையின் செருப்பு. மேலே ஊற்றிய தண்ணீரோடு நாற்றம் கிளம்பி, முசியே ஜன்னலைச் சாத்திக்கொண்டார். புல் இன்னும் மஞ்சளாகத்தான் இருக்கிறது. செம்பருத்தி நட்டது நட்டபடி தலை தொங்கி நிற்கிறது.

இதைவிடப் பெரிய பழங்கல் கொண்டு வந்தால் மாற்றிக்கொள்வார் என்று யோசனை. திண்டிவனம் வரை போய் வந்தேன். ஒன்று கிடைத்தது, ஜமீன் வீட்டு வாசல்படி. படம் காட்டினேன். முசியே கண்ணாடியை மாட்டிப் பார்த்தார். "இது வேற கல்லு" என்றார், அவ்வளவுதான்.

ஜூலை 5, சனி

என்னாலதான் இன்னா பண்ண முடியும்? ராத்திரியோட ராத்திரியா ஆள வெச்சுப் பேத்துகினு போவவா? போலீசு கேசாயிடும். ரோட்டுக் காண்ட்ராக்டர்ட்டச் சொன்னா, 'சர்க்கார் ரோட்டுல இருந்தா சர்க்கார் கல்லு, போய்யா'ங்கறான். ஆயம்மா அக்கா ஒரு போன் பண்ணித் திட்டக் கூட மாட்டேங்குது. எதிர்ல வந்து நாலு வார்த்த கேட்டாத் தேவல. யாரு மேல கோவப்படறது? கல்லு மேலயா?

தும்பை விட்டு வாலைப் பிடிக்கிறவன் நான்தான். அன்றைக்கு 'எந்த ஊர்லருந்து வந்துச்சு இந்தக் கல்லு' என்று ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். செம்மண்ணைக் கிள்ளி முகர்ந்து எந்தப் பக்கத்து மண் என்று கேட்பேன், எருவில் உப்பு இருக்கிறதா என்று கேட்பேன். கல்லைத் தட்டிப் பார்த்தேன், தடவிப் பார்த்தேன். எங்கே நின்றது என்று மட்டும் கேட்கவில்லை.

சந்திரகலா சாப்பிடச் சொன்னாள். கத்திவிட்டேன். பாவம், அவள் என்ன செய்தாள்?

ஜூலை 9, புதன்

ஆயம்மா அக்காவே வந்துவிட்டாள். பெரிய மார்க்கெட் வாசலிலிருந்து யாரிடமோ போனை வாங்கிப் பேசினாள். "வந்து கூட்டிம் போ. ஒரு தடவ பாத்துட்டுப் போயிடறேன்."

கையில் ஒரு மஞ்சள் பை. உள்ளே மல்லிகையும் மஞ்சள் தூளும். வண்டியில் உட்காரச் சொன்னேன், மாட்டேன் என்று நடந்தே வந்தாள். நானும் வண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்தேன்.

நேரம் பார்த்து இன்றைக்குத்தான் திறப்பு விழாவுக்கு ஒத்திகை. கல்லின் மேல் கண்ணாடிக் கோப்பைகள் வரிசையாக, ஐஸ் வாளி, எலுமிச்சை நறுக்கி ஒரு தட்டில். எனக்கு ஓடிவிடலாம் போலிருந்தது. ஆயம்மா அக்கா கல்லைச் சுற்றி வந்தாள். மஞ்சள் இருந்த இடத்தைத் தடவினாள். பிறகு தன் பையைக் கோப்பைகளுக்கு நடுவில், கோப்பை ஒன்றும் சாயாமல், மெதுவாக வைத்தாள். கொஞ்ச நேரம் அப்படியே கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

முசியே நாற்காலியோடு வந்தார். "உக்காருங்கம்மா."

"உக்கார நேரமில்லிங்கய்யா, மாட்டுக்குத் தண்ணி காட்டணும். கல்லக் குடுங்கன்னு கேக்க வரல. நீங்க வாங்கினது. வருசத்துல ஒரு நாளு, ஆடி அமாவாசைக்கு, நான் வந்து மஞ்ச பூசிட்டுப் போவேன். வாசக்கதவத் தொறந்து வுட்டீங்கன்னாப் போதும்."

"தாராளமா வாங்கம்மா" என்றார். வேறு என்ன சொல்லியிருப்பார்? ஆனால் அதைச் சொல்லிவிட்டு அந்த நாற்காலியில் அவரே உட்கார்ந்துவிட்டார். யாருக்காக நட்ட கல் என்று மறுபடி அவளிடமே கேட்டார். அவள் சொன்னாள். பெயரைக் கேட்டார். "தனபாக்கியம்" என்றாள்.

பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். பஸ் ஏற்றிவிட்டு வந்தேன்.

ஜூலை 11, வெள்ளி

காலையில் முசியே போன்.

"கலியமூர்த்தி, அந்தக் கல்லுல என்னால ஒரு க்ளாஸ் வெக்க முடியல. நேத்து வெச்சேன், எடுத்துட்டேன். எடுத்துட்டுப் போயிடுங்க. எம் பொண்ணுகிட்ட நான் சொல்லிக்கறேன்."

போனை வைத்துவிட்டு, அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டேன். சந்திரகலா பயந்துபோய் ஓடி வந்தாள். சிரிக்கிறேனா அழுகிறேனா என்று அவளுக்குத் தெரியவில்லை. எனக்கும்தான்.

ஜூலை 12, சனி

எல்லாம் கூடி வருகிறது. அந்த ஊர்ப் பெரியவர்கள் புது பஸ் ஸ்டாப் பக்கத்தில் இடம் காட்டிவிட்டார்கள். வீட்டுக்குள் நடக் கூடாதாம், நாலு பேர் நடக்கிற வழியில்தான் நிற்க வேண்டுமாம். பஸ் ஸ்டாப் என்றால் மூட்டை முடிச்சோடு நிற்கிறவர்கள் வைப்பார்கள் என்று ஆயம்மா அக்காவுக்கு அந்த இடம் ரொம்பப் பிடித்துவிட்டது. "கட்டப் பை, பள்ளிக்கூடப் பசங்க பை, எல்லாம் வெப்பாங்கப்பா" என்று போனில் சொல்லிச் சொல்லிச் சந்தோஷப்பட்டாள்.

முகிலன் நாளைக்கு டிராக்டரோடு வருகிறான். என்னை மறுபடி 'அண்ணே வாங்க' என்றான்.

ஜூலை 13, ஞாயிறு

உடைந்துவிட்டது.

பலகைக் கல்லைக் கிளப்ப முடியவில்லை. குமிழில் சும்மா உட்கார்ந்திருந்த கல். நாலு ஆள் பிடித்தால் பூ மாதிரி வந்திருக்கும். நான் போட்ட கம்பி, நான் ஊற்றிய எபாக்சி. இனியவன் கட்டிங் மெஷினை நுழைக்கப் பார்த்தான், இடுக்கில் பிளேடு போகவில்லை. சூடு காட்டினோம். கொஞ்சம் இளகிய மாதிரி இருந்தது. மெதுவாகக் கடப்பாரையை வைத்து நெம்பினோம். மெதுவாகத்தான். நான்தான் சொன்னேன், "மெதுவா, மெதுவா" என்று சொல்லிக்கொண்டேதான் இருந்தேன்.

பெரிய சத்தம்கூட இல்லை. துளை போட்ட இடத்தோடு கோடு ஓடி இரண்டாக விழுந்தது.

முகிலன் வெளியே போய் டிராக்டரில் உட்கார்ந்துகொண்டான். முசியே கல்லுக்குப் பக்கத்தில் குனிந்து, "பர்தோன், பர்தோன்" என்றார். யாரிடமோ கேட்கிற மன்னிப்பு. என்னிடம் இல்லை என்று மட்டும் தெரிந்தது.

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது என்பார்கள். தாழியை இறுக்கிக் கட்டியவன் நானே அல்லவா! அவள் வருஷத்தில் ஒரு நாள்தான் கேட்டாள். அதோடு விட்டிருந்தால் முழுக் கல்லாக நின்றிருக்கும்.

போன் செய்தேன். "அக்கா, கல்லு..." என்றேன்.

"ஒடஞ்சிடுச்சா?"

"ஆமாக்கா."

"சரிப்பா."

அவள் போனை வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை. மாடு கத்துவது கேட்டது. அப்புறம், "சாப்ட்டியா?" என்றாள். நான் வைத்துவிட்டேன்.

ஜூலை 14, திங்கள்

கல் இருந்த இடத்தில் மர மேஜை போட்டுத் துணி விரித்துத் திறப்பு விழா நடத்தினார்கள். நான் போகவில்லை. கடற்கரையில் வெடித்த வாணம் சாரம் வரை கேட்டது.

ஜூலை 15, செவ்வாய்

துண்டுகளை ஊரில் கொண்டு போய் இறக்கினேன். புதுப் பலகைக் கல் நானே போட்டுத் தருகிறேன் என்று கெஞ்சினேன். பெரியவர் ஒருத்தர் சொன்னார்: "அந்தப் பொண்ணு பேரச் சொல்லி வெச்ச கல்லு அது. கடையில வாங்கி வெச்சா அது அலமாரிப் பலகதான்." மூளியான கல்லை நடவும் கூடாதாம். ஆடி அமாவாசையன்று ஏரியில் விட்டுவிடலாம் என்று முடிவு செய்தார்கள். கால் இரண்டும் கூடவே போக வேண்டுமாம். பஸ் ஸ்டாப் பக்கத்தில் நட வெட்டி வைத்த குழியை மூடினார்கள். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். வேறென்ன செய்ய?

ஜூலை 24, வியாழன், ஆடி அமாவாசை

போனேன். வரச் சொல்லி யாரும் கூப்பிடவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை.

ஆயம்மா அக்கா துண்டுகளைக் கழுவி, மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, மல்லிகை சார்த்தினாள். உடைந்த இடம் பொருந்துகிற மாதிரி இரண்டையும் சேர்த்து வைத்துத்தான் படைத்தாள். பொங்கல், வாழைக்காய்க் குழம்பு, ஒரு புதுச் சேலை. பிறகு முகிலனும் இன்னும் சிலரும் தூக்கிக்கொண்டு போய் ஏரியில் இறக்கினார்கள்.

ஏரியில் தண்ணீர் முழங்கால் அளவுதான். கல் முழுகவில்லை. மஞ்சள் பூசிய ஓரம் வெளியே தெரிந்தது. இன்னும் ஆழமான இடம் தேடிப் பார்த்தார்கள், இல்லை.

"மழ வந்தா முழுவிடும்" என்றாள் ஆயம்மா அக்கா. வானத்தில் ஒரு மேகம் இல்லை.

ஆகஸ்ட் 6, புதன்

காலையில் முகிலன் போனிலிருந்து அழைப்பு. பேசியது ஆயம்மா அக்கா. "எரு மக்கிக் கெடக்குதுப்பா. உனுக்குன்னு வெச்சது. வந்து ஏத்திகினு போ."

ஊரில் தடையெல்லாம் என்ன ஆயிற்று என்று கேட்கத் தோன்றியது, கேட்கவில்லை.

டாடா ஏஸை முன்னால் அனுப்பிவிட்டு நான் வண்டியில் போனேன். ஊர் முனையில் குழி இருந்த இடத்தில் இப்போது சாக்கடைக் கால்வாய், மேலே சிமெண்ட் மூடி. நிறுத்தினேன், ஹெல்மெட்டைக் கழற்றினேன். கழற்றிவிட்டு நின்றேன். வண்டிக் கண்ணாடியில் மாட்டியிருக்கலாம், எல்லோரும் அப்படித்தான் மாட்டுகிறார்கள். சீட்டின் மேல் வைத்திருக்கலாம். என்னால் முடியவில்லை. கையிலேயே வைத்துக்கொண்டு எருக்குழி வரை நடந்தேன். ஆட்கள் கூடையை நிரப்பிக் கொடுக்கிறார்கள், வாங்கி ஏற்ற எனக்கு ஒரு கை போதவில்லை.

ஆயம்மா அக்கா மாட்டுக் கொட்டகையிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"குடு இப்பிடி" என்றாள்.

ஹெல்மெட்டை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். எரு முழுக்க ஏற்றி முடிகிற வரைக்கும் அப்படியே நின்றாள். இறக்கி வைக்கவில்லை.